பேட்டரிக் கடை முருங்கை

தங்கமணியின் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் கடை, பேட்டரி சார்ஜ் போட வந்தவர்கள் அங்கே நிற்பார்கள். பின்வாசலில் ஒரு தகரக் கதவு. முருங்கைக்கீரை கேட்டு வரும் பெண்கள் அதைத் தட்டுவார்கள். அந்தத் தட்டும் சத்தத்தை நம்பித்தான் அவள் பல வருஷம் பொழுதை ஓட்டினாள். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள் என்று எங்கள் கடை வரிசையில் எனக்குப் பேர் உண்டு. இதில் கூட்டவில்லை. இரண்டு கடை தள்ளி உட்கார்ந்து பூக் கட்டியபடி, அவளைப் புது மருமகளாகவும் பார்த்தேன், நரைத்தவளாகவும் பார்த்தேன்.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் குறுக்குத் தெரு எங்களுடையது. கீழே கடை, மேலே வீடு. கடைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து, அதையொட்டி லோங்காங். மழை பெய்தால் அந்தச் சாக்கடை பொங்கித் தெருவின் அழுக்கையெல்லாம் கிள்ளான் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வரிசையின் கடைசிக் கடை என்பதால் பக்கிரிசாமியின் கடைக்கு மட்டும் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. பக்கிரிசாமி தங்கமணியின் புருஷன்.

எழுபதுகளில் தோட்டத்து லய வீட்டு வரிசைகள் பலவற்றில் கரண்டு கிடையாது. ஆனால் டிவி உண்டு. கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பேட்டரியில் மாட்டிவிட்டு, லயமே ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து படம் பார்க்கும். பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். கதாநாயகன் குள்ளமாகிப் போவான். கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிச்சம். வில்லன் செத்தானா இல்லையா என்று தெரியாமல் போய்ப் படுத்தவர்கள் மறுநாள் கிளம்பி வந்து பக்கிரிசாமியைத் திட்டுவார்கள். "என்னாண்ணே சார்ஜ் போட்டீங்க, கிளைமாக்ஸ் பாக்கவே இல்ல லா!" அவனும் சிரித்துக்கொண்டே அந்தக் கிளைமாக்ஸைச் சொல்லி அனுப்புவான். பாதிக் கதை அவன் கட்டிவிட்டதாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பேட்டரியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும். சைக்கிள் கேரியரில் கட்டியும், பஸ்ஸில் காலுக்கடியில் வைத்தும் கொண்டு வருவார்கள். தங்கமணி பெயர் பார்த்து வாங்கி வைப்பாள், பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். சார்ஜ் ஏறும் நேரத்தில் பெண்கள் அவளோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். யாருக்கு என்ன நோவு, யார் மகள் யாரோடு ஓடினாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளும் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். அந்தக் கூட்டத்தின் நடுவே அவள் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். அதைப் பார்த்து எனக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருந்தது.

பக்கிரிசாமி ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் போய் லோரியில் அடிபட்டுச் செத்தான். பிள்ளை இல்லை. காரியம் முடிந்ததும் தங்கமணியின் அண்ணன்காரன் தோட்டத்துக்கே வந்துவிடச் சொன்னான். "சார்ஜ்ல கெடக்கறத யாரு எறக்கறது? நாளைக்குக் கேட்டு வருவாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்விட்சைப் பார்த்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொஞ்ச காலம் வந்தார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமாகக் கரண்டுக்குக் கம்பி இழுத்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு அது திருவிழா. தங்கமணிக்கு ஒவ்வொரு கம்பியும் ஒரு கூட்டத்தை வெட்டிக்கொண்டு போனது. கடைசியாகச் சார்ஜுக்குக் கொடுத்த பேட்டரியைக்கூடச் சிலர் எடுக்க வரவில்லை. வெள்ளைப் பெயின்ட்டில் பெயர் எழுதிய பேட்டரிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. துணியால் அவற்றைத் துடைப்பாள். அந்தப் பெயருக்குரியவர்கள் எப்படி இருக்கிறார்களோ என்று என்னிடம் கேட்பாள். எனக்கெப்படித் தெரியும்?

அந்தச் சமயம்தான் அ சோங் வந்தான். போர்ட் கிள்ளான் போகிற வழியில் எங்கோ ஈயம் உருக்குகிற சீனன். கிள்ளான் முழுக்கச் செத்த பேட்டரிகளை வாங்கி லோரியில் அள்ளிக்கொண்டு போவான். முழுசாகக் கொடுத்தால் ஒரு விலை, உடைத்து ஈயத் தகடுகளைத் தனியாக எடுத்துக் கொடுத்தால் நல்ல விலை. தங்கமணி கோடரி வாங்கினாள். பின்புறத்து மண் தரையில் உட்கார்ந்து, கார்க்காரர்கள் கழித்துப் போட்ட பேட்டரிகளைப் பிளப்பாள். உள்ளே இருக்கும் திராவகத்தை அப்படியே மண்ணில் கவிழ்ப்பாள். தகடுகளைப் பிடுங்கிக் குழாயடியில் அலசுவாள். சாம்பல் நிறச் சேறு மண்ணிலும் லோங்காங்கிலும் ஓடும். நாளடைவில் அந்தச் சாக்கடையில் தவளை கத்துவதே நின்றுபோனது. எங்களுக்கென்ன, நிம்மதியாகத் தூங்கினோம்.

மண்ணில் திராவகம் ஊற்றுவது அவளுக்குப் பயமான காரியமே இல்லை. அவள் வளர்ந்தது தோட்டத்து ரப்பர் ஆலைப் பக்கம். மரத்துப் பாலை உறைய வைக்க அங்கே பீப்பாய் பீப்பாயாகத் திராவகம் வரும். சிந்தினால் புல் கருகிவிடும். அதற்கு அவள் அம்மா செய்த வைத்தியம், அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவது. மண் புஸ்ஸென்று நுரைக்கும், அடங்கும். ஒரு மழைக்குப் பிறகு அதே இடத்தில் கீரை தளதளவென்று வரும். லயத்தில் அத்தனை பேரும் அதைத்தான் ஆய்ந்து சமைத்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே வைத்தியத்தைத் தங்கமணி இங்கேயும் செய்தாள். மண் நுரைத்தது, அடங்கியது, புல் முளைத்தது.

"பாத்தியாக்கா? மண்ணு ஆறிப்போச்சு" என்றாள்.

பேட்டரிக்குள் திராவகம் மட்டுமா இருக்கிறது, ஈயமும் இருக்கிறதே, அது எந்தச் சுண்ணாம்புக்கு ஆறும் என்று கேட்க எங்கள் வரிசையில் ஆளில்லை. எனக்கும் தெரியாது. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு முருங்கைப் போத்து கொண்டு வந்து அந்த மண்ணில் நட்டாள். சாம்பல் தின்ற மண், முருங்கைக்குக் கேட்கவா வேண்டும்? இரண்டாம் வருஷமே மாடி உயரத்துக்கு நின்றது.

பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரை கொடுத்தால் பால் ஊறும். இது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாசார்ச் சந்தையில் வாங்கினால் வாடியிருக்கும், பூச்சிமருந்து அடித்திருப்பான் என்று சந்தேகம் வேறு. எங்கள் வரிசையில் கீரை பச்சையாக ஒடித்துக் கிடைக்கிற ஒரே இடம் தங்கமணி வீடு. ஆகவே பின்சந்துத் தகரக் கதவு தட்டப்பட்டது.

இங்கே நான் கொஞ்சம் கோபப்பட்டாக வேண்டும். புருஷன் செத்தவள், பிள்ளை பெறாதவள் என்று சீமந்தத்துக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். வளையல் அடுக்குகிற இடத்தில் அவள் நிழல்கூடப் படக்கூடாது. தொட்டில் போடுகிற அன்றும் அழைப்பு இல்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மட்டும் பின்சந்து வழியாக வந்து, "தங்கமணிக்கா, ரெண்டு ஈர்க்கு கீரை குடுங்களேன்" என்று இளிப்பார்கள். அவள் இரண்டு ஈர்க்கா கொடுப்பாள்? கிளையாகவே ஒடித்துக் கொடுப்பாள். கொம்பால் கீரை தட்டும்போது நைட்டியெல்லாம் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும். ஒரு நாளும் காசு வாங்கியதில்லை.

முதன்முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியவள் சீதாலெட்சுமி. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவனின் மனைவி, தையல் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். முதல் பிள்ளைக்குப் பால் சுரக்காமல் அழுதவளுக்கு இந்த இரண்டாம் பிள்ளைக்குக் குறையே இல்லாமல் சுரந்தது. அந்தச் சந்தோஷத்தில், தீட்டு கழிந்ததும் பையனைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்தாள்.

"உங்க கீரையில வளந்த புள்ளக்கா. பேரு விஜயன். தூக்குங்க."

தங்கமணி அப்போது பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தாள். அவசரமாகக் கையை நைட்டியில் துடைத்தாள். தூக்கினாள். பையன் அவள் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினான். அவள் அப்படியே சிலையாகி நின்றாள். விரலை எடுக்க மனசு வரவில்லை.

அன்றைக்குப் பிறகு அதுவே வழக்கமாகிப் போனது. கீரை வாங்கியவர்கள் பிள்ளையைக் கொண்டு வந்து காட்டுவார்கள். முன்வாசல் வழியாக அவளைச் சேர்க்காதவர்கள் பின்வாசலில் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த மாதக் கணக்கை அவள் வீட்டாரைவிடத் தங்கமணி சரியாக வைத்திருப்பாள். அவள் கடையில் வியாபாரம் குறைந்திருந்தது. இப்போது கார், லோரிப் பேட்டரிகள் மட்டும்தான். கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உட்கார்ந்து பேசுவதில்லை. நாள் முழுக்க அவள் காது பின்பக்கமே இருந்தது.

கோழி வளர்த்தாள். ஒவ்வொன்றாகக் கழுத்து தொங்கிச் செத்தன. "உன் கோழிக்கெல்லாம் பேட்டரி எறங்கிப் போச்சு, சார்ஜ் போடு தங்கமணி" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவளுக்கே வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி வந்தது. ஓமத் தண்ணி குடித்தாள், சூடு என்றாள், வாயு என்றாள். முகம் வெளிறிக்கொண்டே போனது. ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பூவை எடுத்தபோது வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. தூக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அப்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயசு. கீழுதட்டை இழுத்துப் பல் ஈறைப் பார்த்தாள். ஓரத்தில் கருநீலமாய் ஒரு கோடு. என்ன வேலை செய்கிறீர்கள் என்றாள். ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினாள். அடுத்த தடவை நாங்கள் போனபோது கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"ஆன்டி, உங்க பிளட்ல ஈயம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. பேட்டரி ஒடைக்கறத இன்னியோட நிப்பாட்டணும். அந்த எடத்துல ஏதாச்சும் நட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஒரு முருங்க மரம் இருக்கு. மண்ணுக்குச் சுண்ணாம்பெல்லாம் போட்டுட்டேன் டாக்டர். மரம் நல்லாத்தான் இருக்கு."

"சுண்ணாம்பு ஆசிட்டுக்குத்தான் ஆன்டி. ஈயம் எங்கயும் போகாது. நீங்களும் நானும் செத்தாலும் அந்த மண்ணுலயேதான் இருக்கும். கீரை யாரு சாப்பிடறா?"

தங்கமணி என்னைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவர்கள் என்று நான்தான் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. சுகாதார இலாகா ஆட்கள் வந்து மண்ணையும் இலையையும் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு இலைகூட யாரும் வாயில் வைக்கக்கூடாது. ஏற்கெனவே சாப்பிட்ட தாய்மாரும், அவர்கள் பால் குடித்த பிள்ளைகளும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும், மூளையைப் பிடிக்கும் என்றாள் டாக்டர். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "பேட்டரிய தொட்ட கையோட கொழந்தைங்கள தூக்காதீங்க ஆன்டி. துணி மாத்தி, மொழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தங்கமணி தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

யார் யார் கீரை வாங்கினார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். சொல்லவில்லை. கதவு தட்டினால், "மரத்துல கம்பளிப்பூச்சி புடிச்சிருக்கு, பெறகு வாங்க" என்றாள். முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைவது ஊரறிந்த சங்கதி, நம்பினார்கள். திரும்ப வந்தார்கள். மறுபடியும் பூச்சி. நான் ஒரு நாள் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். மருந்துக்கு ஒரு பூச்சி இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏண்டி, அந்தப் பாலக் குடிச்ச புள்ளைங்கள யாரு பாக்கறது? பூச்சியா பாக்கும்?"

"சொல்லிட்டா அப்புறம் யாருக்கா வருவா இங்க?" என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் கேட்ட விதத்தில் திட்டை விழுங்கிக்கொண்டேன். அவளிடம் இருந்தது அந்த ஒரு கதவு. அதையும் தன் கையாலேயே சாத்தச் சொல்கிறோம். ஆனாலும் சாத்தித்தான் ஆக வேண்டும். அதை அவளுக்குச் சொன்னேன், கோபமில்லாமல் சொன்னேன். தலையை ஆட்டினாள். அன்றும் சொல்லவில்லை.

அடுத்த தெருக் கோமதி நிறைமாதம். பூச்சி போயிருக்கும் என்று மூன்றாவது முறையாக வந்தாள். தகரக் கதவு திறந்தே கிடந்தது. தாழ்ந்த கிளை கைக்கு எட்டியது, தானே ஒடித்துக்கொண்டாள். "பூச்சியே காணோமேக்கா" என்று சிரித்தபடி திரும்பினாள். உள்ளேயிருந்து ஓடி வந்த தங்கமணி அந்தக் கிளையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். தொங்குகிற மணிக்கட்டோடு அப்படியொரு வெறி. கோமதி பயந்து சுவரில் சாய்ந்தாள்.

"என்னாக்கா, ஒரு கீரைக்கா இப்படி? புள்ளத்தாச்சி வயித்தெரிச்சல கொட்டிக்காதீங்க!"

"வெஷம்டி அது! ஈயம் ஏறிப்போன மரம்! ஒனக்கு வேணாம், ஒம்புள்ளக்கி வேணாம்!" என்று கத்தினாள் தங்கமணி. சந்தே கேட்கிற மாதிரி கத்தினாள். அதன் பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

அன்று மாலையே குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். கீரை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போனோம். முன்வாசல் வழியாகப் போனோம். அத்தனை வருஷத்தில் அந்த வாசல்களில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னாள். எனக்குத் தெரியாது, தெரியாமல் கொடுத்துவிட்டேன், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பாருங்கள். சிலர் நம்பவில்லை. ஒருத்தி, "கீர குடுக்க மனசில்லன்னா சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள். அவள் கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன், தங்கமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சீதாலெட்சுமி வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். விஜயனுக்கு அப்போது ஐந்து வயசு நடக்கிறது. நல்ல பிள்ளை. ஆனால் பேச்சு இன்னும் திருந்தவில்லை; இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பெரிய விஷயம். பத்துமலைக்கு நேர்ந்துகொண்டு பால்குடமெல்லாம் எடுத்துவிட்டார்கள். கதவருகே நின்று தங்கமணி சொல்லி முடிக்கும்வரை சீதாலெட்சுமி கேட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அப்ப எம்புள்ளக்கி வாய் வராததுக்கு நீங்கதானா?"

"தெரியல சீதா. சத்தியமா தெரியல."

"ஊர்க் கோயிலுக்கெல்லாம் போனேன். யாரு கண்ணு பட்டுச்சோன்னு அழுதேன். நானே கையேந்தி வாங்கித் தின்னுருக்கேன்!"

அவள் பின்னாலிருந்து விஜயன் எட்டிப் பார்த்தான். தங்கமணியைத் தெரிந்தவன், சிரித்தான். சீதாலெட்சுமி அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கமணியையும் குற்றம் சொல்ல வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். சிலருக்கு ஈயம் கொஞ்சம் இருந்தது, சிலருக்கு இல்லை. விஜயனுக்கு இருந்தது. பேச்சு வராததற்கு அதுதான் காரணமா என்று கேட்டதற்கு டாக்டர், ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தங்கமணி கடைசிவரை சுமந்தாள்.

மரத்தை அவளே வெட்டினாள், பேட்டரி பிளந்த அதே கோடரியால். யாரோ ஒரு காண்ட்ராக்டர் வந்து மேல்மண்ணைத் தோண்டி லோரியில் ஏற்றிக்கொண்டு, தரைக்குச் சிமெண்டு போட்டுவிட்டுப் போனான். அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அ சோங் கொஞ்ச நாள் வந்து பார்த்தான். "டாக் புவாட் லாகி, டவுகே" என்று தங்கமணி மலாயில் சொன்னாள், இனிமேல் அந்த வேலை செய்வதில்லை முதலாளி என்று. அவனுக்கென்ன நஷ்டம்? கிள்ளானில் பேட்டரி உடைக்கக் கொல்லைப்புறமா இல்லை?

தகரக் கதவை அப்புறம் யாரும் தட்டவில்லை. எங்கள் வரிசைப் பெண்கள் என் கடையில் பூ வாங்குவார்கள், பேட்டரிக் கடை வாசல் வந்தால் பிள்ளையை மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு நடப்பார்கள். மருந்தில் அவள் மணிக்கட்டு ஓரளவு தேறியது. கார் பேட்டரி விற்பதும் சார்ஜ் போடுவதுமாக வயிற்றைக் கழுவினாள். சுவரோரம் கிடந்த பெயர் எழுதிய பேட்டரிகளை மட்டும் யாருக்கும் விற்கவில்லை.

முருங்கை சும்மா இருக்குமா? சுவரையொட்டி நின்ற அடிக்கட்டை சிமெண்டைப் பிளந்துகொண்டு துளிர்த்தது. தங்கமணி ஒடித்துப் போட்டாள். மறுபடி துளிர்த்தது. வெந்நீர் ஊற்றினாள், உப்பு வைத்தாள், துளிர்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் பின்னால் குந்தியிருந்தால் துளிர் ஒடிக்கிறாள் என்று அர்த்தம். ஒடித்ததைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவாள், ஆடு மாடு தின்றுவிடக் கூடாதென்று. ஒரு தடவை என்னிடம், "இது ஒண்ணுதாங்க்கா என்னய விட்டுப் போவ மாட்டேங்குது" என்றாள்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவளோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் காலையில்தான் ஒரு லோரிப் பேட்டரியின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தாள், நைட்டியெல்லாம் சாம்பல் நிற ஈயப் பொடி. தகரக் கதவு தட்டப்பட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து போய்த் திறந்தாள்.

இருபது வயசுக்கு மேல் போகாத ஒரு பெண். கையில் கைக்குழந்தை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அந்த மாதம்தான் இந்தப் பக்கம் குடி வந்தவளாம். சந்து வழியாகப் போகும்போது துளிரைப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்டி, கொஞ்சம் முருங்கைக்கீரை தர்றீங்களா? பால் சரியா வர மாட்டேங்குது."

தங்கமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். இந்த மண்ணில் பேட்டரி உடைத்திருக்கிறது, கீரையில் ஈயம் இருக்கும், வேண்டாம். பாசாருக்கு எதிரே இரண்டாவது வீட்டில் ஒரு மரம் இருக்கிறது, நல்ல மண், அங்கே கேள். அந்தப் பெண் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை.

"நல்லவேள சொன்னீங்க ஆன்டி, தேங்க்ஸ் லா" என்றாள். திரும்பப் போனவளின் ஸ்லிப்பர் வார் பிய்த்துக்கொண்டது. குனியப் பார்த்தாள், முடியவில்லை. இயல்பாகக் குழந்தையைத் தங்கமணி பக்கம் நீட்டினாள். "கொஞ்சம் புடிங்க ஆன்டி, இந்த வார மாட்டிக்கிறேன்."

தங்கமணியின் கைகள் முன்னே வந்தன. பாதியில் நின்றன. சட்டென்று இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இரும்மா. தோ வந்துர்றேன். இரு, போயிடாத!"

உள்ளே ஓடினாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்புப் பெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் என் பூக்கூடையில் இருந்த நாரைக் கேட்டு வாங்கி வாரைக் கட்டிக்கொண்டாள். குழந்தைக்குக் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் நில்லும்மா, அவ வந்துருவா" என்றேன்.

"மழ இருட்டுதுங்க ஆன்டி. இன்னொரு நாள் வரேன்."

என்ன சொல்லி நிறுத்துவது? கொடுத்தேன். சந்தின் முனையில் திரும்பிப் போய்விட்டாள்.

தங்கமணி வந்தாள். நைட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருந்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். தலைமுடியைக்கூட நனைத்து முடிந்திருந்தாள். முழங்கை வரைக்கும் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்திருந்தது. எங்கேயும் பட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டே வந்தாள்.

"எங்கக்கா?"

"போயிட்டா. மழ வருதுன்னு."

"ஓ" என்றாள்.

கையை இறக்கவில்லை. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை எடுத்துத் துடைத்துவிட நான் போனேன். "வேணாங்க்கா, துண்டு சுத்தமா இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தக் கைகளை அப்படியே ஏந்தியபடி, சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.